வாயு வந்தும் பிறக்காத நட்சத்திரங்கள்

6 ஜனவரி 2025

அகிரா என்ற கேலக்ஸியில் ஆரம்பித்தேன். மங்கா (MaNGA) என்ற கேலக்ஸி ஆய்வின் தரவு இது. நியூ மெக்சிகோவிலுள்ள 2.5 மீட்டர் ஸ்லோன் தொலைநோக்கி 2014 முதல் 2020 வரை சுமார் 10,000 கேலக்ஸிகளின் ஒளியை நிறமாலையாகப் பிரித்து அளந்தது; யார் வேண்டுமானாலும் இறக்கிக்கொள்ளலாம். அகிராவில் இருப்பதெல்லாம் சிவந்த, வயதான நட்சத்திரங்கள். பக்கத்துச் சிறிய கேலக்ஸியான டெட்சுவோவிலிருந்து அதற்குக் குளிர்ந்த வாயு வருகிறது. வந்தும் புது நட்சத்திரம் பிறப்பதில்லை. நடுவிலுள்ள கருந்துளையிலிருந்து கிளம்பும் காற்று வாயுவைக் கலக்கிச் சூடாக்கிவிடுகிறது. இந்த வகைக் கேலக்ஸிக்கு ‘ரெட் கெய்சர்’ (சிவப்பு வெந்நீர் ஊற்று) என்று பெயர் வைத்தது 2016இல்.

8 ஜனவரி

நாள் முழுக்கச் சோடியம். அதன் ஒளியின் அலைநீளம் 5890, 5896 ஆங்ஸ்ட்ராம்: பழைய சோடியம் தெருவிளக்கின் அதே மஞ்சள். கேலக்ஸியின் ஒளிக்கு முன்னால் குளிர்ந்த வாயு நின்றால் நிறமாலையில் அந்த இடத்தில் இரண்டு பள்ளம் விழும். ஆனால் வயதான நட்சத்திரங்களும் அதே இடத்தில் பள்ளம் போடும். அவற்றின் பங்கை மாதிரி வைத்துக் கழித்த பிறகு மிஞ்சுவதுதான் வாயு. கொஞ்சம் பிசகினாலும் இல்லாத வாயு தெரியும். மூன்று தடவை திரும்பச் செய்தேன்.

11 ஜனவரி

இன்னொரு ரெட் கெய்சரில் மிச்சம் சுத்தமாக வந்தது. பள்ளம் சிவப்புப் பக்கம் நகர்ந்திருக்கிறது, ஒரு ஆங்ஸ்ட்ராம்கூட இல்லை. ஒரு ஆங்ஸ்ட்ராம் நகர்ந்தால் வாயுவின் வேகம் நொடிக்குச் சுமார் 51 கி.மீ. வாயு நமக்கும் கேலக்ஸிக்கும் நடுவே இருக்கிறது, நம்மை விட்டு விலகுகிறது. அப்படியானால் கேலக்ஸிக்குள் விழுகிறது! வெகுநேரம் அந்த வரைபடத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

14 ஜனவரி

ஜேம்ஸ் வெப் விண்வெளித் தொலைநோக்கி பார்த்த ‘பாப்லோவின் கேலக்ஸி’ பற்றிய 2024 கட்டுரையை மறுபடி படித்தேன். சுமார் 1,150 கோடி ஆண்டுகளுக்கு முந்தைய ஒளி. அங்கேயும் சோடியம்தான், ஆனால் நீலப் பக்கம்: வாயு நொடிக்குச் சுமார் 1,000 கி.மீ. வேகத்தில் வெளியேறுகிறது. நட்சத்திரத்துக்கான சரக்கையே கருந்துளை வெளியே தள்ளுகிறது. அகிராவின் கதை வேறு. அங்கே உள்ளே வருவதைக் குளிரவிடாமல் வைத்திருந்தாலே போதும். இரண்டையும் நட்சத்திரப் பிறப்பு ‘நின்றுபோன கேலக்ஸி’ என்று ஒரே பெயரில் சொல்வது எனக்குச் சரியாகப் படவில்லை.

17 ஜனவரி

ரேடியோ அலையில் தெரியும் ரெட் கெய்சர்களில்தான் உள்நோக்கி விழும் வாயு அதிகம் என்று 2021இலேயே காட்டியிருக்கிறார்கள். விழும் வாயுவே கருந்துளைக்குத் தீனி. அந்தத் தீனியில் எழும் காற்றுதான் மீதி வாயுவைக் குளிரவிடாமல் செய்கிறது. நாளை என் பட்டியலை ரேடியோ பட்டியலோடு ஒத்துப் பார்க்க வேண்டும்.