காணாக்கடி என்று இருந்துவிடாதீர்கள்

சென்ற ஞாயிற்றுக்கிழமை கடலூர் முதுநகரில் அக்கா வீட்டில் இறால் தொக்கு சாப்பிட்ட கால் மணி நேரத்தில் மாமாவின் கழுத்திலும் முதுகிலும் தடிப்புகள் எழும்பின. கண்ணில் படாத ஏதோ பூச்சி கடித்த காணாக்கடிதான் என்று நினைத்து அக்கா வெற்றிலையில் மிளகை மடித்துக் கொடுத்தார். அதை மென்றுகொண்டிருக்கும்போதே மாமாவுக்கு உதடு வீங்கி, குரல் கம்மி, மூச்சு இழுக்கத் தொடங்கியது. அது காணாக்கடி அல்ல, இறாலால் வந்த கடும் ஒவ்வாமை. அவசர சிகிச்சைப் பிரிவில் தொடையின் வெளிப்புறத் தசையில் அட்ரினலின் ஊசி போட்ட பிறகே மூச்சு சீரானது. அறிகுறிகள் சில மணி நேரம் கழித்துத் திரும்பவும் வரக்கூடும் என்பதால் இரவு முழுவதும் அங்கேயே வைத்திருந்தார்கள்.

சிறு வயது முதல் இறால் சாப்பிட்டவருக்கு இப்போது எப்படி என்று எல்லோரும் கேட்கிறார்கள். நடுவயதிலும் இந்த ஒவ்வாமை புதிதாகத் தொடங்கலாம். இறாலில் அதைத் தூண்டும் புரதம் எவ்வளவு வேகவைத்தாலும் அழிவதில்லை.

நண்டு, மீன், வேர்க்கடலை, பால், முட்டை ஆகியவற்றோடு நம் பண்ருட்டி முந்திரியும் இப்படிக் கடும் ஒவ்வாமையைத் தூண்டும் உணவுகளின் வரிசையில் உண்டு. முந்திரி ஒவ்வாதவர்களில் பலருக்குப் பிஸ்தாவும் ஒவ்வாது. பனைமரத்துக் கதண்டு என்னும் பெரிய குளவியும் தேனீயும் கொட்டினாலும் இதே நிலை வரலாம். பெரியவர்களுக்கு மருந்துகளே முக்கியமான காரணம் என்பதால், பென்சிலின் வகை மருந்துகளையும் டைக்ளோஃபெனாக் போன்ற வலி மாத்திரைகளையும் சீட்டில்லாமல் வாங்கி விழுங்கும் நம் பழக்கம் எனக்கு உண்மையிலேயே அச்சம் தருகிறது.

ஒவ்வாமைக்கு நாம் வழக்கமாகப் போடும் செட்டிரிசின் மாத்திரை அரிப்பைத் தணிக்குமே தவிர, தொண்டை வீக்கத்தையோ இரத்த அழுத்தச் சரிவையோ தடுக்காது. மயக்கம் வந்தால் கால்களை உயர்த்திப் படுக்க வையுங்கள்; மூச்சுத் திணறினால் உட்கார வையுங்கள்; உடனே 108-ஐ அழையுங்கள்.