ஆடியும் வாசோவும்

ஆடி மாதத்தில் என் தொலைபேசி தூங்கும். தமிழ் வீடுகளில் அப்போது கல்யாணம் கிடையாது என்பது எல்லோருக்கும் தெரிந்ததுதான். பர்மியர் வீடுகளிலும் கிடையாது. வாசோ என்ற பர்மிய மாதத்துப் பௌர்ணமியன்று பிக்குகள் மழைக்கால நோன்பில் அமர்ந்தால் ஐப்பசி வாக்கில் வரும் தடின்ஜூட் பௌர்ணமி வரை பர்மியர் யாரும் மணமேடை போடுவதில்லை. நடுவில் ஆவணியில் மட்டும் நம்மவர்கள் கொஞ்சம் மூச்சுவிட வைப்பார்கள். புரட்டாசி பிறந்தால் மறுபடி பூட்டு.

ரங்கூனில் மாதச் சம்பளம் இல்லாமல் கேமராவை நம்பிப் பிழைக்க வந்தவன் முதலில் மனப்பாடம் செய்ய வேண்டியது இந்த இரண்டு நாட்காட்டிகளைத்தான். லென்ஸ் விலையெல்லாம் பிறகு. மார்கழியில் நாம் கதவைச் சாத்துவோம். பர்மியர்களுக்கும் கரேன் இனக் கிறிஸ்தவர்களுக்கும் அதுதான் கல்யாணம் குவியும் காலம். பங்குனியில் பள்ளி விடுமுறை தொடங்கியதும் சிறுவர்களுக்குக் காவி உடுத்தும் ஷின்பியூ சடங்குகள் வரிசையாக வரும். சித்திரைப் பிறப்பும் திஞ்சான் தண்ணீர்த் திருவிழாவும் ஒரே வாரத்தில் வரும். அந்த நாட்களில் கேமராவைப் பெட்டியில் வைத்துப் பூட்டிவிட்டு நானும் நனைந்துகொண்டிருப்பேன். ஒரு சமூகத்தாரின் கல்யாணங்களை மட்டும் நம்பியிருந்தால் வருடத்தில் பாதி நாள் பட்டினிதான். நான் பர்மிய மொழி பேசத் தெரிந்த தமிழன் என்பதால் பிழைத்தேன். திறமையால் பிழைத்தேன் என்று சொல்லிக்கொள்ள ஆசைதான்.

2014 கடைசியில் டல்ஹவுசி தெரு ஸ்டுடியோ ஒன்றில் பார்த்துவந்த வேலையை விட்டேன். அந்தத் தெருவுக்கு மகாபந்தூலா சாலை என்று பெயர் மாறிப் பல காலம் ஆகிறது. எங்கள் வீட்டுப் பெரியவர்கள் வாயில் இன்னும் டல்ஹவுசிதான். அந்த ஆண்டில்தான் சிம் அட்டை 1,500 கியாட்டுக்குக் கடைகளில் வந்தது. (எழுதும்போது கியாட், பேசும்போது சாட்.) அதற்கு முன்பு ஒரு சிம் வாங்குகிற காசுக்கு ஒரு நல்ல கேமராவே வாங்கிவிடலாம். "இனி ஆளுக்கொரு போன். போட்டோக்காரனைத் தேடி எவன் வருவான்?" என்று முதலாளி புலம்பினார். பாதி சரி. பிறந்தநாள், சுற்றுலா என்று வருகிறவர்கள் நின்றுபோனார்கள். ஆனால் ஊரே பேஸ்புக்கில் ஏறிய பிறகு, கல்யாணப் படம் பக்கத்து வீட்டுக்காரர் படத்தைவிட நன்றாக இருக்க வேண்டும் என்ற கவலையும் ஊருக்கே வந்தது. அந்தக் கவலைதான் எனக்குச் சோறு போட்டது.

முதல் வருடம் சொந்தக்காரர்களிடம்தான் அடிபட்டேன். "நம் பையன்தானே, பார்த்துக் கொடுப்போம்" என்பார்கள். ஒரு வீட்டில் அதிகாலை நான்கு மணிக்கு நலங்கில் தொடங்கி இரவு வரவேற்பு முடியும்வரை நின்றேன். கடைசியில் ஒரு கவரும் சாப்பாட்டுப் பொட்டலமும் கொடுத்தார்கள். கவரில் பேசியதில் பாதி இருந்தது. சாப்பாடு நன்றாகவே இருந்தது, அதையும் சொல்ல வேண்டும். அதன் பிறகு பணத்தை மூன்றாகப் பிரித்தேன். தேதி குறிக்கும்போது ஒரு பங்கு, கல்யாணத்துக்கு முதல் நாள் மாலை ஒரு பங்கு, ஆல்பம் கைக்குப் போகும்போது மீதி. நடுப்பங்கைப் பெண்ணின் அப்பாவிடம் கேட்கக் கூடாது. அன்று அவர் காதில் எதுவும் விழாது. பணப்பையை வைத்திருக்கும் தாய்மாமனோ சித்தப்பாவோ ஒருவர் இருப்பார். வெளிச்சம் எந்தப் பக்கமிருந்து வருகிறது என்று பார்ப்பதற்கு முன்பே அவர் எந்தப் பக்கம் நிற்கிறார் என்று நான் பார்த்து வைத்துவிடுவேன்.

எங்கே நிற்பது என்பதை எனக்குச் சொல்லிக் கொடுத்தது ஒரு பௌத்த மடம். முதல் ஷின்பியூ வேலைக்குப் போனபோது, ஸ்டுடியோ பழக்கத்தில், நாற்காலி ஒன்றை இழுத்துப்போட்டு அதன்மேல் ஏறிவிட்டேன். பின்னாலிருந்து ஒரு பெரியவர் என் கைலியை மெல்ல இழுத்தார். "ஸயா, கீழே" என்றார். இங்கே வாத்தியாரும் ஸயா, டாக்டரும் ஸயா, போட்டோக்காரனும் ஸயா. பிக்குகள் தரையில் அமர்ந்திருக்கும் இடத்தில் என் தலை அவர்கள் தலைக்கு மேலே இருக்கக் கூடாது. கூசிப்போய் இறங்கி மண்டியிட்டேன். எதிரே சிறுவனுக்கு மொட்டையடித்துக்கொண்டிருந்தார்கள். முடி தரையில் விழாமலிருக்க அப்பாவும் அம்மாவும் ஒரு வெள்ளைத் துணியை ஆளுக்கொரு முனையாகப் பிடித்திருந்தார்கள். என் லென்ஸ் இப்போது அந்தத் துணியின் விளிம்புக்கு நேராக இருந்தது. கத்தி ஒரு இழுப்பு இழுக்கும். ஈரமான கருங்கற்றை ஒன்று துணியில் விழும். துணி சற்றே தாழும். அம்மாவின் விரல்கள் அதை இறுக்கிப் பிடித்துக்கொள்ளும். மேலே நின்றிருந்தால் எனக்கு ஒரு மொட்டைத் தலைதான் கிடைத்திருக்கும்.

அதை அப்படியே நம் கல்யாணங்களுக்கும் கொண்டுவந்தேன். முகூர்த்த நேரத்தில் அட்சதை போட எழுந்து நிற்கும் கூட்டம் போட்டோக்காரனை மறைக்கும் என்று எல்லோரும் குறைப்படுவார்கள். மண்டியிட்டுப் பாருங்கள். தூக்கிய கைகளுக்குக் கீழே ஒரு இடைவெளி இருக்கிறது. ஹோமப் புகையும் மேலேதான் போகும், முகங்கள் புகைக்குக் கீழே தெளிவாக இருக்கும். முட்டிதான் வலிக்கும். நாற்பதைத் தாண்டிய பிறகு முட்டிக்குத் தைலம் வாங்குகிற செலவையும் கணக்கில் சேர்த்துவிட்டேன்.

மழையைப் பற்றித் தனியாகப் புலம்ப வேண்டும். வைகாசியில் பிடிக்கிற மழை ஐப்பசி வரை விடாது. என் 85 மில்லிமீட்டர் லென்ஸுக்குள் சிலந்தி வலை போலப் பூஞ்சை படர்ந்ததை ஒரு நாள் டார்ச் அடித்துப் பார்த்தேன். துடைத்துத் தந்தார்கள், ஆனால் கண்ணாடியின் மேற்பூச்சை அது ஏற்கெனவே அரித்திருந்தது. ஈரம் உறிஞ்சும் மின்சார அலமாரி வாங்கலாமென்றால் மின்சாரம் வேண்டுமே. இப்போது என்னிடம் இருப்பது ரப்பர் விளிம்பு வைத்த பிளாஸ்டிக் டப்பாவும் ஒரு கிலோ சிலிக்கா மணிகளும். நீலமாக இருந்தால் காய்ந்திருக்கிறது. இளஞ்சிவப்பாக மாறினால் ஈரம் குடித்துவிட்டது. வாணலியில் வறுத்தால் மறுபடி நீலமாகும். அந்த நிறச் சாயம் உடம்புக்கு ஆகாது, ஆகவே அதற்கென்று தனி வாணலி. என் மனைவி அதை "உங்கள் கேமராவுக்குச் சமைக்கிற சட்டி" என்பாள்.

மின்சாரம் நான்கு மணி நேரம் வரும், நான்கு மணி நேரம் போகும். சில மாதங்களில் அந்தக் கணக்கும் இல்லை. கண்ணால் பார்த்துச் செய்யும் வேலையை, அதாவது படம் தேர்ந்தெடுப்பதையும் நிறம் திருத்துவதையும், மடிக்கணினி பேட்டரியில் செய்துவிடுவேன். இரண்டு வன்தட்டுகளில் நகல் எடுப்பது, அச்சுக்குக் கோப்பு அனுப்புவது எல்லாம் மின்சாரம் இருக்கும் நேரத்துக்கு. அது நள்ளிரவு ஒரு மணிக்கு வந்தால் நள்ளிரவு ஒரு மணிக்கு.

இதைவிடப் பெரிய இடி டாலர். கேமராவும் பேட்டரியும் மெமரி கார்டும் டாலரில் பிறப்பவை. 2021 தொடக்கத்தில் ஒரு டாலர் சுமார் 1,300 கியாட். 2024இல் வெளிச்சந்தையில் அது 4,000ஐத் தாண்டிப் போனது. கல்யாண வீட்டாரிடம் மூன்று மடங்கு கேட்க முடியுமா? அவர்களுக்கு அரிசியும் எண்ணெயும் அப்படித்தானே ஏறியிருக்கிறது. புதுக் கேமராவை மறந்துவிட்டு, ஷட்டர் தேய்ந்த பழைய உடலுக்குப் புது ஷட்டர் மாற்றினேன். சொந்தத் தொழில் தொடங்க ஆசைப்படும் பையன்கள் என்ன கேமரா வாங்கலாம் என்று கேட்டு வருவார்கள். என்ன விற்கலாம் என்று யோசித்துவிட்டு வா, தம்பி என்று திருப்பி அனுப்புவேன். கொஞ்சம் கடுமைதான்.

ரங்கூன் நகர நடுவில் லிஃப்ட் இல்லாத பழைய அடுக்குமாடிகள் அதிகம். ஒவ்வொரு பால்கனியிலிருந்தும் தெருவரைக்கும் ஒரு கயிறு தொங்கும். அதன் நுனியில் ஒரு கிளிப் அல்லது பை, சில வீடுகளில் மேலே மணி. பேப்பர்காரர் பேப்பரைக் கிளிப்பில் மாட்டிக் கயிற்றை இழுப்பார். 2020இல் கொரோனாவுக்காக எல்லோரையும் வீட்டுக்குள் இருக்கச் சொன்னபோது முடிந்த ஆல்பங்கள் ஏழு என்னிடம் கிடந்தன. மூன்றாம் பங்குப் பணம் ஏழு வீடுகளில் கிடந்தது. ஒவ்வொரு வீட்டு வாசலிலும் போய்க் கயிற்றை இழுத்தேன். பை காலியாக இறங்காது. பணம் இருக்கும், ஒரு வீட்டில் மாவடு ஊறுகாயும் இருந்தது. கனமான ஆல்பம் ஒன்று இரண்டாவது மாடி வரை போய்ச் சுழன்று சுவரில் மோதியது. அட்டையின் ஒரு மூலை மடங்கியது. அது வேண்டுமென்றே செய்த வேலைப்பாடு என்று அந்த வீட்டு ஐயா இன்றும் கேலி செய்வார்.

2021 பிப்ரவரியில் ராணுவம் ஆட்சியைப் பிடித்த பிறகு கேமராப் பையைத் தோளில் போட்டுக்கொண்டு தெருவில் நடப்பதில்லை. கோயிலுக்குத் தேங்காய் பழம் கொண்டுபோகும் பிரம்புக் கூடையில் துணி சுற்றி எடுத்துப் போகிறேன். மேலே இரண்டு வாழைப்பழம். ஊரடங்கால் மாலை வரவேற்புகள் மதிய விருந்துகளாகச் சுருங்கின. இதைப் பற்றி இதற்கு மேல் எழுத எனக்கு விருப்பமில்லை.

கல்யாணம் குறைந்த அந்தக் காலத்தில் வாசலைத் தட்டிய வேலையை நான் தொழிலாகவே நினைத்ததில்லை. பழைய படங்களை நகலெடுப்பது. இந்த நாட்டில் தமிழ்க் குடும்பங்களின் படங்கள் இரண்டு முறை சிதறின. 1942இல் ஜப்பானியர் வந்தபோது கால்நடையாக இந்தியாவுக்குப் போனவர்கள் தூக்க முடிந்ததை மட்டும் தூக்கினார்கள். 1964இல் கடைகள் அரசுடைமையான பிறகு சென்னைக்குக் கப்பலேறியவர்களிடம் நகைக்கும் பணத்துக்கும் கணக்குக் கேட்டார்கள். கிளம்புவதற்கு முன் ஸ்டுடியோவுக்குப் போய் மொத்தக் குடும்பமாக ஒரு படம் எடுத்துக்கொள்வது அப்போது வழக்கம் என்று பெரியவர்கள் சொல்வார்கள். ஒரு பிரதி கப்பலோடு போகும், ஒன்று இங்கே நிற்கும். இங்கே நின்றவைதான் இப்போது என்னிடம் வருகின்றன.

பெரும்பாலும் ஈரத்தில் படம் கண்ணாடியோடு ஒட்டியிருக்கும். அதைப் பிரிக்கவே கூடாது, முகம் கண்ணாடியோடு போய்விடும். கண்ணாடிக்கு மேலேயே எடுக்க வேண்டும். லென்ஸ் மட்டும் நீட்டுமளவுக்குக் கறுப்புத் துணியில் ஓட்டை போட்டு, கேமராவையும் என்னையும் அதற்குப் பின்னால் மறைத்துக்கொள்வேன். இல்லாவிட்டால் அந்தத் தாத்தாவின் தலைப்பாகையில் என் மூக்கு தெரியும். 1855இல் லின்னேயஸ் டிரைப் என்ற ஆங்கிலேயர் ஆவாவுக்கு, அதாவது பர்மிய மன்னரின் அரசவைக்கு, போன தூதுக்குழுவோடு வந்து இந்த நாட்டை 200க்கும் மேற்பட்ட காகித நெகட்டிவ்களில் எடுத்தார். மூன்று வருடம் கழித்து மதுரையையும் தஞ்சாவூரையும் எடுத்தவரும் அவரே. என் இரண்டு ஊர்களையும் ஒரே கை படமெடுத்திருக்கிறது என்று நினைக்கும்போது கொஞ்சம் பெருமையாக இருக்கும். ஆனால் அவர் கிழக்கிந்தியக் கம்பெனிப் படையின் சம்பளக்கார அதிகாரி. ஆடி மாதம் அவரை என்ன செய்திருக்கும்?

2024இல் கட்டாய ராணுவச் சேவை அறிவித்த பிறகு குடும்பப் படம் கேட்டு வருகிறவர்கள் அதிகமானார்கள். பிள்ளை வெளிநாட்டுக்குக் கிளம்புகிறான், போவதற்குள் எல்லோரும் சேர்ந்து ஒன்று. இந்த வேலைக்கு மட்டும் நான் முன்பணம் கேட்பதில்லை.

பொட்டட்டாங் பக்கத்தில் ஒரு பெரியம்மா 1966ஆம் வருடத்துப் படம் ஒன்றைக் கொடுத்தார். அண்ணன்மார் கப்பலேறுவதற்கு முந்தைய வாரம் எடுத்தது. பதினொரு பேர். முன்வரிசையில் சின்னத் தம்பி மட்டும் ஆடிவிட்டான். முகம் இருக்குமிடத்தில் ஒரு வெள்ளைக் கலங்கல். "இதைச் சரிசெய்ய முடியுமா, தம்பி?" என்றார். முகத்தைத் தெளிவாக்கும் மென்பொருள் ஒன்று இப்போது இருக்கிறது. போட்டேன். சில நொடிகளில் கண், மூக்கு, உதடு, புருவமெல்லாம் வந்தன. எனக்கே ஆச்சரியம். அச்செடுத்துக் கொண்டுபோனேன்.

பெரியம்மா கண்ணாடியை மாட்டிக்கொண்டு நெடுநேரம் பார்த்தார். பிறகு கேட்டார்: "இது யார் வீட்டுப் பிள்ளை?"

கலங்கலாக இருப்பதையே திரும்ப அச்செடுத்தேன். மென்பொருள் வரைந்த பையனைக் கிழித்துப்போடச் சொன்னார், கிழித்துவிட்டேன். அன்றிலிருந்து முகங்களில் அந்த மென்பொருளைப் போடுவதில்லை. கீறலையும் கறையையும் எடுப்பேன், இல்லாத கண்ணை வரைய மாட்டேன். இதனால் சில வாடிக்கையாளர்கள் வேறு இடத்துக்குப் போனார்கள். போகட்டும்.

புதுப் பிரதியைக் கயிற்றுப் பையில் போடாமல் நான்கு மாடி ஏறிக் கையில் கொடுத்தேன். அவருடைய பேரன் வியாழக்கிழமை பாங்காக்குக்குக் கிளம்புகிறான். புதன்கிழமை காலை ஒன்பது மணிக்குக் குடும்பப் படம். அந்த நேரத்தில் அவர்கள் பகுதியில் மின்சாரம் இருக்காது. கிழக்குப் பக்கம் பெரிய சன்னல் இருக்கிறது, பார்த்துவிட்டு வந்திருக்கிறேன்.