நீலம் ஏறுவதற்கு முன்: ஒரு பழைய ரிவால்வரை மாற்றியமைத்த அனுபவம்

என் கைக்கு வந்தது ஸ்மித் அண்ட் வெசன் நிறுவனத்தின் மிலிட்டரி அண்ட் போலீஸ் ரிவால்வர். 38 ஸ்பெஷல் என்ற தோட்டா வகைக்கானது, ஆறு தோட்டா பிடிக்கும். 1899-ல் வந்த மாடல் இது. 1957-ல் அந்த நிறுவனம் தன் துப்பாக்கிகளுக்கு மாடல் எண் கொடுக்கத் தொடங்கியபோது இதற்கு மாடல் 10 என்று பெயரானது. என்னுடையதில் வரிசை எண்ணுக்கு முன்னால் 'சி' என்ற எழுத்து இருக்கிறது. அந்த வரிசை ஆரம்பித்தது 1948-ல். உள் இயக்கத்தை மூடும் பக்கத்தட்டில் நான்கு திருகு, விசையைச் சுற்றிய வளையமான விசைக் காப்புக்கு முன்னால் ஒன்று, ஆக மொத்தம் ஐந்து. பக்கத்தட்டின் மேல் திருகை 1955-ல் எடுத்துவிட்டார்கள். அதனால் இது அந்த இடைப்பட்ட ஆண்டுகளில் செய்தது என்று தெரிந்துகொண்டேன்.

இந்த வயதுத் துப்பாக்கியில் கை வைக்கலாமா என்பதுதான் முதல் கேள்வி. தொழிற்சாலையில் ஏற்றிய நீலம், அதாவது இரும்பின் மேல் ஏற்றும் கருநீலப் படலம், அப்படியே இருந்து, எண்களும் ஒத்துப்போனால், எவ்வளவு தேய்ந்திருந்தாலும் அதைத் தொடக்கூடாது என்பது என் உறுதியான கருத்து. எண்ணைப் பார்க்க வேண்டிய இடங்கள் நான்கு: பிடியின் அடிப்பாகம், தோட்டாக்கள் இருக்கும் சிலிண்டரின் பின்முகம், குழலின் அடிப்பக்கம், வலது மரப்பிடியின் உட்புறம். என்னுடையதில் மரம் மட்டும் வேறு துப்பாக்கியுடையது. ஆனால் அதைவிடப் பெரிய சேதங்கள் இருந்தன. முன்பு வைத்திருந்த யாரோ குழலை ரம்பத்தால் வெட்டிக் குட்டையாக்கி, குறிபார்க்கக் குழல் நுனியில் இருக்கும் முன் குறியை ஈயப்பற்று வைத்து ஒட்டியிருந்தார்கள். மேலெல்லாம் நிக்கல் முலாம். அதுவும் தொழிற்சாலை முலாம் இல்லை. எப்படித் தெரியும் என்றால், தொழிற்சாலையில் நிக்கல் பூசும்போது ஹேமரையும் (தோட்டாவை வெடிக்கவைக்க அடிக்கும் சுத்தி) விசையையும் விட்டுவிடுவார்கள். அவை கேஸ் ஹார்டனிங் (மேல்தோலை மட்டும் கடினமாக்குவது) செய்த பழுப்பும் நீலமும் கலந்த நிறத்திலேயே இருக்கும். இதில் இரண்டும் கண்ணாடி மாதிரி மின்னின. திருகுத் துளைகளின் ஓரம் கிண்ணம் போல் குழிந்திருந்தது, நிறுவன முத்திரை பாதி அழிந்திருந்தது. பஃபிங் என்னும் மெருகுச் சக்கரத்தில் கண்மண் தெரியாமல் தேய்த்ததன் அடையாளம் இவை. சேகரிப்பாளர் எவரும் இனி இதைத் தேடி வரப்போவதில்லை. அப்படியானால் இதை எனக்குப் பிடித்த மாதிரி, ஆனால் ஒழுங்காக, செய்துகொள்ளலாம் என்று தீர்மானித்தேன்.

உரிமம் பற்றி ஒரு வார்த்தை. துப்பாக்கி எந்தக் கைக்குப் போனாலும் அந்தக் கைக்கு உரிமம் இருக்க வேண்டும். பழுதுபார்ப்பவருக்கு மட்டுமல்ல, துப்பாக்கியின் உடற்பகுதியான ஃப்ரேமை வாங்கி வைத்து வேலை செய்யும் செதுக்குக் கலைஞருக்கும் பல நாடுகளில் இது பொருந்தும். வரிசை எண்ணை மெருகேற்றும்போது அழியவிடுவது பெரிய குற்றம். வேலை கொடுக்கும் முன்பே இதையெல்லாம் எழுத்தில் வாங்கிக்கொண்டேன். மரப்பிடி செய்பவருக்கு மட்டும் இந்தச் சிக்கல் வராமல் பார்த்துக்கொள்ள வழி இருக்கிறது, அதைப் பின்னால் சொல்கிறேன்.

நான்கு பேர் தேவைப்பட்டார்கள்: இயக்கத்தைச் சரிசெய்ய ஒரு துப்பாக்கிப் பட்டறைக்காரர், மெருகும் நிறமும் ஏற்றுபவர், செதுக்குபவர், பிடி செய்பவர். நால்வரும் கெட்டிக்காரர்களாக இருந்தால் மட்டும் போதாது, யார் வேலை முதலில், யார் வேலை அடுத்து என்பதை அவர்களே தங்களுக்குள் பேசி முடிவு செய்ய வேண்டும். அந்தப் பேச்சைத் தொடங்கிவைத்ததுதான் இந்த முழு வேலையில் நான் செய்த உருப்படியான காரியம் என்று நினைக்கிறேன்.

பட்டறைக்காரர் பக்கத்தட்டைத் திறந்த விதத்தைப் பார்த்ததுமே இவரிடம் தைரியமாகக் கொடுக்கலாம் என்று தோன்றிவிட்டது. முதலில் சிலிண்டரைத் திறந்து ஆறு அறைகளையும் எனக்குக் காட்டினார். திருகின் பள்ளத்துக்கு இம்மி பிசகாமல் பொருந்தும்படி தீட்டிய திருப்புளிகளால் திருகுகளைக் கழற்றி, எது எந்தத் துளைக்குரியது என்று மரக்கட்டையில் வரிசையாகக் குத்தி வைத்தார். பிறகு தட்டை நெம்பவே இல்லை. ஃப்ரேமை இடது உள்ளங்கையில் ஏந்திக்கொண்டு, திருப்புளியின் மரப்பிடியால் பிடிப்பகுதியின் இரும்பில் மெல்லத் தட்டினார். அதிர்வில் தட்டு தானாக எழும்பி வந்தது. நெம்பினால் அந்த மெல்லிய விளிம்பு வளைந்துவிடும், அப்புறம் அந்த இடைவெளியை ஜென்மத்துக்கும் மூட முடியாது என்றார்.

உள்ளே நிலைமை அவ்வளவு மோசமில்லை. ஹேமரைத் தடுக்கும் பாதுகாப்புத் தகடு இடத்தில் இருந்தது. இரண்டாம் உலகப் போரின் கடைசிக் கட்டத்தில், இந்த மாடலின் போர்க்கால வகை ஒன்று கப்பலில் கீழே விழுந்து வெடித்து ஒரு மாலுமி இறந்துபோனார். அதற்குப் பிறகுதான் இந்த நகரும் தகட்டை நிறுவனம் சேர்த்தது. அதைக் கழற்றி எறிந்துவிட்டுப் பயன்படுத்துகிறவர்களும் உண்டாம். அப்படியொரு துப்பாக்கியை வாங்க நேர்ந்தால் முதல் வேலையாக அதைத் திரும்பப் போடச் சொல்லுங்கள்.

சிலிண்டர் முன்னும் பின்னும் கொஞ்சம் ஆடியது, அதைச் சரிசெய்தார். விசையை இலகுவாக்க ஹேமரின் உராயும் முகத்தைத் தேய்க்கலாமா என்று கேட்டதற்கு மறுத்துவிட்டார். அந்த எஃகின் கடினம் மேல்தோலில் மட்டுமே இருக்கிறது. அதைத் தேய்த்துவிட்டால் அடியில் இருக்கும் மென்மையான உலோகம் சீக்கிரம் தேய்ந்து, ஹேமர் தானே நழுவும் அளவுக்குப் போகலாம். பல ஆண்டுகள் உறைந்துகிடந்த எண்ணெய்ப் பிசினைச் சுத்தம் செய்து, ஓரங்களில் இருந்த சிறு பிசிறுகளை மட்டும் எடுத்தார். அதிலேயே விசை எவ்வளவோ இலகுவாகிவிட்டது.

அடுத்து குழல். அதே காலத்து நான்கு அங்குலக் குழல் ஒன்றைத் தேடிப் பிடிக்கத்தான் அதிக நாள் ஆனது. இந்த மாடலில் குழல் திருகி ஏற்றப்பட்டு, குறுக்கே ஒரு சிறு முளை அடிக்கப்பட்டிருக்கும். 1982 வரை அந்த வழக்கம் இருந்தது. அரைநிலா வடிவ முன் குறி நேர் மேலே நிற்க வேண்டும், முளையின் பள்ளமும் பொருந்த வேண்டும், சிலிண்டருக்கும் குழலுக்கும் இடையில் ஒரு மில்லிமீட்டரின் ஆறில் ஒரு பங்கு இடைவெளி மட்டும் இருக்க வேண்டும். இந்த மூன்றும் ஒரே புள்ளியில் சேரும்வரை குழலின் தோள்பட்டையைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சீவிப் பொருத்தினார். ஃப்ரேமில் சிலிண்டர் உட்காரும் சன்னலுக்குள் சுத்தியல் காம்பைச் செருகிக் குழலைத் திருகும் வேலையை எங்காவது பார்த்தால் அங்கே துப்பாக்கியைக் கொடுக்காதீர்கள். ஃப்ரேம் முறுக்கிக்கொள்ளும், அதற்கு மருந்து கிடையாது.

முன் குறியைக் கொஞ்சம் உயரமாகவே விட்டிருந்தார். நிக்கலை நீக்கியபின் வெறும் இரும்பாக, நிறம் எதுவும் இல்லாமல், சுடுதளத்தில் வைத்துச் சோதித்தோம். இது 158 கிரெய்ன் (சுமார் பத்து கிராம்) எடையுள்ள ஈயக் குண்டுக்கு ஏற்ப அமைந்த துப்பாக்கி, அதையே பயன்படுத்தினோம். எதிர்பார்த்தபடி குண்டுகள் இலக்குக்குக் கீழே விழுந்தன. முன் குறியை அரத்தால் தாழ்த்தத் தாழ்த்த அவை மேலே ஏறின. நிறம் ஏற்றியபிறகு இதைச் செய்திருந்தால் குறியின் முனை வெள்ளையாக விழித்துக்கொண்டு நின்றிருக்கும். வேலையின் வரிசை ஏன் முக்கியம் என்று சொன்னேனே, இதனால்தான்.

மெருகு போடுபவரைப் பற்றி எவ்வளவு எழுதினாலும் தகும். நிறம் என்பது மெல்லிய படலம், அடியில் என்ன இருக்கிறதோ அதை அப்படியே காட்டிக்கொடுத்துவிடும். சக்கரம் குழித்த இடங்களை அவர் சக்கரத்தால் தொடவே இல்லை. அரம், எண்ணெய்க்கல், பிறகு கெட்டியான மரத்துண்டில் சுற்றிய எமரித்தாள். சொரசொரப்பைக் குறிக்கும் எண் 220-ல் தொடங்கி, மென்மையான 320, 400, 600 என்று போனார். ஒவ்வொரு தாளையும் முந்தைய தாளின் கீறலுக்குக் குறுக்காக இழுத்தார். பழைய கீறல் ஒன்று மிச்சம் இருந்தாலும் அடுத்த தாளை எடுக்கவில்லை. விரல் நுனியால் அழுத்தித் தேய்த்தால் துளையின் ஓரம் மீண்டும் குழியும், மரத்துண்டு தட்டையாக நிற்கும் என்றார். பக்கத்தட்டைத் திருகி இறுக்கிய நிலையிலேயே ஃப்ரேமோடு சேர்த்துத் தேய்த்தார். முடிந்தபோது அந்த இணைப்புக்கோட்டை வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்துத்தான் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது. நகத்தை ஓட்டிப் பார்த்தேன், எங்கேயும் தட்டவில்லை. வரிசை எண் இருக்கும் இடத்தை மட்டும் தாள் ஒட்டி மறைத்துவிட்டிருந்தார்.

ஃப்ரேமுக்கும் ஹேமரைப் போல வண்ணக் கேஸ் ஹார்டனிங் செய்யலாம் என்று எனக்கு ஓர் ஆசை இருந்தது. எலும்புக்கரியிலும் மரக்கரியிலும் புதைத்து, சிவக்கச் சூடாக்கி, காற்று ஊதிய தண்ணீரில் கொட்டும்போது வரும் அந்த நிறங்கள் யாரையும் மயக்கும். அவர் வேண்டாம் என்றார். இந்த ஃப்ரேம் ஏற்கனவே வெப்பத்தில் பதப்படுத்தப்பட்டது. மறுபடியும் அவ்வளவு சூடாக்கினால் அந்தப் பதம் போய்விடும், வடிவமும் கோணலாகலாம். ஹேமருக்கும் விசைக்கும் மட்டும் அந்த நிறத்தைத் திரும்பக் கொடுப்பது என்று முடிவானது. துப்பாக்கி பிறந்தபோது இருந்த நிறமும் அதுதானே, எனக்கு முழுத் திருப்தி.

செதுக்குபவரிடம் போனபோது மனதில் நிறைய இருந்தது. 19-ம் நூற்றாண்டில் நியூயார்க்கில் வேலை செய்த எல். டி. நிம்ஷ்கே என்ற கலைஞர், தான் செதுக்கிய துப்பாக்கிகளின் வேலைப்பாட்டை மையால் தாளில் ஒற்றி எடுத்துத் தொகுத்து வைத்திருந்தார். சுருண்டு சுருண்டு போகும் இலைக்கொடிகள். அதே பாணியை உடம்பு முழுக்கக் கேட்டேன். அவர் காகிதத்தில் இரண்டு விதமாக வரைந்து காட்டினார். ஒன்றில் உலோகம் முழுக்கக் கொடி. மற்றதில் குழல்வாயைச் சுற்றி, சிலிண்டருக்குப் பின்னாலுள்ள வளைவில், பக்கத்தட்டின் நடுவில் மட்டும். வெறுமையாக விட்ட உலோகம்தான் மெருகைக் காட்டும், முழுக்கச் செதுக்கினால் மெருகு போட்டவர் உழைத்த உழைப்பை நான் மறைத்துவிடுவேன் என்றார். இரண்டாவதையே எடுத்துக்கொண்டேன்.

அவர் சிறு சுத்தியலும் உளியும் வைத்து வேலை செய்தார். நுண்ணோக்கி வழியாக எனக்கும் பார்க்கக் கொடுத்தார். உளி முன்னே போகப் போக எஃகு மெல்லிய சுருளாக எழும்பியது. வளைவு வரும் இடத்தில் உளியைத் திருப்பவில்லை, ஃப்ரேம் பிடித்த உருண்டைப் பிடிப்பானைத்தான் சுழற்றினார். கோட்டின் ஒரு பக்கம் ஆழமாகவும் மறுபக்கம் சரிவாகவும் வெட்டுவதால் ஒளி அந்தச் சரிவில் பட்டுத் தெறிக்கிறது. கொடிக்கு நடுவே உள்ள தளத்தைப் புள்ளி புள்ளியாகக் குத்தி மங்கலாக்கினார். பாதி அழிந்திருந்த நிறுவன முத்திரையின் எழுத்துகளையும் கையாலேயே மீட்டெடுத்தார்.

பிடிக்கு வால்நட் மரம். யானைத் தந்தத்தின் சர்வதேச வணிகத்துக்கு 1989-ல் தடை முடிவாகிவிட்டது. கடமான் கொம்பை இந்தியா ஏற்றுமதி செய்வதையும் நிறுத்திவிட்டது. பழைய சரக்கு என்று சொல்லி விற்பதை வாங்க எனக்கு மனமில்லை, மரமே போதும். இந்த மாடலில் விசைக் காப்புக்குப் பின்னால் ஓர் இடைவெளி உண்டு, சுடும்போது நடுவிரலை அது இடிக்கும். 1930-களில் வால்ட்டர் ரோப்பர் வடிவமைத்த பிடிகள் அந்த இடத்தை மரத்தால் நிரப்பி, உள்ளங்கையில் நன்றாக நிறைந்தன. அந்த வடிவத்தைத்தான் கேட்டேன். மரத்தின் உட்புறத்தை ஃப்ரேமுக்குப் பொருத்தும் வேலையைப் பிடி செய்பவர் பட்டறைக்காரரின் மேசையிலேயே, பட்டறைக்காரர் கண்முன்னால் முடித்துக்கொண்டார். வெளிவடிவத்தைத் தன் இடத்துக்கு எடுத்துப்போய்ச் செதுக்கினார். அதனால் துப்பாக்கி இடம் மாறவில்லை, உரிமச் சிக்கலும் வரவில்லை. இரும்பில் கரிமை தடவி, மரத்தை அழுத்தி எடுத்து, கறுப்பு ஒட்டிய இடத்தை மட்டும் சீவி, மறுபடி அழுத்தி என்று பொறுமையாகப் போகும் வேலை அது. மெருகு முடிந்தபிறகு பொருத்தியதால் இரும்பும் மரமும் ஒரே மட்டத்தில் நிற்கின்றன.

கடைசியில் நீலம். உப்புக் கரைசலில் கொதிக்கவைத்து ஒரே மூச்சில் கறுப்பாக்கும் முறையும் இருக்கிறது. நாங்கள் எடுத்தது துரு நீலம். எண்ணெய்ப்பசை துளியும் இல்லாத இரும்பில் கரைசலைப் பஞ்சால் ஒரே இழுப்பாகத் தடவி, ஈரப்பதமான பெட்டியில் வைத்தால் மெல்லிய செந்துரு படரும். காய்ச்சி வடித்த நீரில் கொதிக்க வைத்ததும் அந்தச் செந்துரு கருந்துருவாக மாறுகிறது. மெல்லிய கம்பித் தூரிகையால் மேலே ஒட்டிய பொடியைத் தேய்த்து எடுத்துவிட்டு, மறுபடி முதலிலிருந்து. ஒவ்வொரு சுற்றிலும் நிறம் ஒரு படி ஆழமாகிறது. முதல் சுற்றில் அழுக்குச் சாம்பலாகத்தான் தெரிந்தது, எனக்குக் கொஞ்சம் கலக்கமாகவே இருந்தது. போகப் போக அது கறுப்புக்குள் நீலம் ஓடும் பட்டுப் பளபளப்பாக ஆனது. திருகுகளை மட்டும் நிறம் ஏற்றுபவர் உருக்கிய வெடியுப்பில் முக்கி மயில்நீலமாக்கினார்.

வேலை முடிந்ததும் பட்டறைக்காரர் இயக்கத்தை மறுபடி சோதித்துக் கொடுத்தார். வெட்டப்பட்ட பழைய குழல், வேறு துப்பாக்கியின் மரப்பிடிகள், தொடங்குமுன் எடுத்த படங்கள், யார் எந்த வேலையைச் செய்தார்கள் என்று நால்வரும் கையெழுத்திட்ட தாள், எல்லாம் அதே பெட்டியில் இருக்கின்றன. எனக்குப் பின் வாங்குகிறவர் இந்த நீலத்தைத் தொழிற்சாலை நீலம் என்று நம்பிப் பணம் கொடுத்துவிடக்கூடாது. துப்பாக்கியை விற்கிற நாள் வந்தால் பெட்டியோடுதான் விற்பேன்.