எழுநூறு ஒன்றுகள்: ப்யூர் டேட்டாவில் தம்புரா செய்து பார்த்தது

அம்மா பாடுவது ஐந்து கட்டை சுருதியில். போனில் இருக்கும் தம்புரா செயலி எதுவும் அவருக்குப் பிடிக்கவில்லை, "தகர டப்பாவைத் தட்டுற மாதிரி இருக்கு" என்றார். சரி, நாமே ஒன்று செய்து பார்க்கலாம் என்று போன மாதம் ப்யூர் டேட்டாவைத் திறந்தேன்.

தெரியாதவர்களுக்கு: இது மில்லர் பக்கெட் என்பவர் 90களில் உருவாக்கிய இலவச மென்பொருள். வரிவரியாக நிரல் எழுத வேண்டியதில்லை, திரையில் பெட்டிகளைப் போட்டு, உள்ளே பெயரை டைப் செய்து, ஒயரால் இணைத்தால் சத்தம் வரும். இப்படி இணைத்த பெட்டிகளின் கோப்புக்குப் பேட்ச் என்று பெயர். நாம் செய்த ஒரு பேட்சை 'தந்தி' என்று சேமித்துவிட்டு, அதே ஃபோல்டரில் உள்ள இன்னொரு பேட்சில் ஒரு பெட்டி போட்டு 'தந்தி' என்று அடித்தால், அந்தக் கோப்பு முழுவதும் ஒரே பெட்டியாக வந்து உட்கார்ந்துவிடும். அதாவது கோப்பின் பெயர்தான் பெட்டியின் பெயர். இந்த வசதிதான் என் இரண்டு வாரத்தைத் தின்றது.

தந்தி சுலபமாகவே வந்தது. கார்ப்ளஸ், ஸ்ட்ராங் இருவரும் 1983இல் வெளியிட்ட பழைய முறை: நொடியில் ஒரு சிறு துணுக்கே நீளும் இரைச்சலை ஒரு தாமதச் சுற்றுக்குள் (ஒலியைக் கொஞ்சம் தாமதித்துத் திரும்பத் திரும்பச் சுழலவிடும் வளையம்) விட்டு, ஒவ்வொரு சுற்றிலும் கொஞ்சம் மழுங்கடித்தால், மீட்டிய தந்தி போலவே ஒலித்து அடங்கும். ஐந்து கட்டைக்கு ஷட்ஜம் 196 ஹெர்ட்ஸ், கீழ்ப் பஞ்சமம் 147, மந்தர ஷட்ஜம் 98. நான்கு தந்திப் பெட்டி போட்டேன்: பஞ்சமம், சாரணி, அனுசாரணி, மந்தரம். இவற்றை வரிசையாக மீட்ட இன்னொரு பேட்ச் செய்து அதற்கு 'ரிப்பீட்' என்று பெயர் வைத்தேன். ஸ்விட்சைப் போட்டால் 700 மில்லிசெகண்டுக்கு ஒருமுறை 0, 1, 2, 3 என்று எண்ணை மாற்றி மாற்றித் தரும், எண்ணுக்கு ஏற்ற தந்தி ஒலிக்கும். முதல் நாள் இரவு பன்னிரண்டு மணிக்கு அதைக் கேட்டபோது உண்மையிலேயே புல்லரித்தது.

நான்கும் சேர்ந்து ஒலிக்கும்போது மட்டும் சத்தம் எல்லை மீறிக் கரகரத்தது. ஸெக்ஸி என்ற கூடுதல் நூலகத்தில் (பிறர் செய்து வைத்த பெட்டிகளின் தொகுப்பு) சத்தத்தை எல்லைக்குள் அடக்கும் 'லிமிட்டர்' என்று ஒரு பெட்டி உண்டு. அதை இறக்கி, தொடக்கத்திலேயே ஏறும் நூலகங்களின் பட்டியலில் சேர்த்துவிட்டுத் தூங்கப் போனேன்.

மறுநாள் லிமிட்டர் வந்தது. தம்புரா செத்துவிட்டது.

ஸ்விட்சைப் போட்டால் சாரணி ஒருமுறை 'டொய்ங்' என்றது, அவ்வளவுதான். அணைத்தால் பஞ்சமம் ஒருமுறை. அணைத்தால் எதற்கு ஒலிக்க வேண்டும்? புதிதாக வந்தது லிமிட்டர்தானே, அதன் மேல்தான் சந்தேகம். அழித்துப் பார்த்தேன், அப்படியேதான் இருந்தது. தந்திப் பேட்சைக் குடைந்தேன், சவுண்ட் கார்டு அமைப்பை மாற்றினேன், ஒரு முழு ஞாயிற்றுக்கிழமை போனது. பெட்டிகள் எல்லாம் திடமான கோட்டில் நின்றன. பெயர் கிடைக்காத பெட்டி என்றால் கோடு விட்டுவிட்டு வரும், அப்படி எதுவும் இல்லை, மென்பொருள் தன் செய்திகளைக் காட்டும் கன்சோல் ஜன்னலில் ஒரு பிழைச் செய்தியும் இல்லை.

கடைசியில் ரிப்பீட் பெட்டிக்குக் கீழே, வருவதைக் கன்சோலில் எழுதிக் காட்டும் ஒரு 'பிரிண்ட்' பெட்டியைத் தொங்கவிட்டு ஸ்விட்சைத் தட்டினேன். கன்சோல் முழுக்க 1, 1, 1, 1 என்று கொட்டியது. எழுநூறு முறை. அணைத்தால் எழுநூறு சுழி. ஸ்விட்ச் அனுப்புவது போட்டால் 1, அணைத்தால் 0; என் வரிசையில் 1 என்றால் சாரணி, 0 என்றால் பஞ்சமம்.

அப்போதுதான் உறைத்தது. ஸெக்ஸியிலும் 'ரிப்பீட்' என்று ஒரு பெட்டி இருக்கிறது. வருகிற செய்தியைச் சொன்ன தடவை திருப்பி அனுப்புவது அதன் வேலை. நான் மில்லிசெகண்டு என்று நினைத்துக் கொடுத்த 700ஐ அது எண்ணிக்கை என்று எடுத்துக்கொண்டு, எழுநூறு ஒன்றுகளையும் ஒரே கணத்தில் தள்ளியிருக்கிறது. எழுநூறும் ஒரே மீட்டாகக் காதில் விழுந்தது. என்னுடையதற்கும் ஒயர் செருக மேலே இரண்டு துளை, கீழே ஒன்று, அதற்கும் அப்படியே. ஒயர்கள் அழகாகப் பொருந்திவிட்டன, அதனால்தான் ஒரு முனகல்கூட இல்லை.

ப்யூர் டேட்டா ஒரு பெயரைப் பார்த்ததும் முதலில் நினைவகத்தில் தேடும். அங்கே அந்தப் பெயரில் ஒன்று ஏற்கெனவே ஏறியிருந்தால் அதோடு சரி, ஃபோல்டர் பக்கமே எட்டிப் பார்க்காது. இல்லாவிட்டால்தான் பேட்ச் இருக்கும் ஃபோல்டர், அப்புறம் நாம் சொல்லி வைத்த பாதைகள் என்று போகும். லிமிட்டரை அழித்தும் பயனில்லாமல் போனது இதனால்தான், பெட்டி போனாலும் நூலகம் நினைவகத்திலேயே உட்கார்ந்திருந்தது. உறுதிப்படுத்திக்கொள்ள மென்பொருளை 'வெர்போஸ்' என்ற தேர்வோடு தொடங்கினேன். எந்தெந்தக் கோப்பைத் தேடிப் பார்த்தது என்று ஒவ்வொன்றாகச் சொல்லும். தந்திக்கு வரிகள் வந்தன. ரிப்பீட்டுக்கு ஒரு வரிகூட இல்லை, தேடவே இல்லை. இதைவிடச் சுருக்கமான வழி ஒன்று உண்டு, எனக்குப் பிறகுதான் தோன்றியது: பெட்டியின் மேல் வலது கிளிக் செய்தால் வரும் 'ஓப்பன்' மங்கலாக இருந்தால் அது உங்கள் பேட்ச் இல்லை.

சரி, பெயரை மாற்றினால் போச்சு என்று அவசரத்தில் 'டைமர்' என்று வைத்தேன். அது ப்யூர் டேட்டாவுக்குள்ளேயே பிறந்த பெட்டியின் பெயர்! இந்த முறை நல்லவேளையாக, தனக்கு எண் வாங்கத் தெரியாது என்று அதுவே கன்சோலில் கத்திவிட்டது. மூன்றாவதாக 'அம்மாசுற்று' என்று முடிவு செய்து சேமிக்கும்போது, எந்த ஜன்னல் முன்னால் இருக்கிறது என்று பார்க்காமல் முதன்மைப் பேட்சையே அந்தப் பெயரில் சேமித்துத் தொலைத்தேன். பிறகு அதற்குள்ளேயே 'அம்மாசுற்று' பெட்டி போட்டால் என்ன ஆகும், தன்னைத் தனக்குள்ளேயே ஏற்ற முடியாது என்று பிழை வந்தது. இவ்வளவு களேபரத்திலும் சிரித்துவிட்டேன்.

இப்போது என் கோப்புகள் எல்லாவற்றையும் 'தம்புரா' என்ற உள் ஃபோல்டரில் போட்டு, பெட்டியில் தம்புரா, சாய்வுக்கோடு, ரிப்பீட் என்று முழுதாக எழுதுகிறேன். ஃபோல்டர் பெயரோடு சேர்த்து எழுதுவதால் ஸெக்ஸியோடு மோதல் இல்லை, பழைய பெயரே திரும்பக் கிடைத்தது.

அத்தோடு விடவில்லை. எல்லாவற்றையும் பூஜை அறையில் வைக்கப்போகும், லினக்ஸில் ஓடும் ராஸ்பெரி பை என்ற குட்டிக் கணினியில் ஏற்றினால் தந்தி நான்கும் விட்டுவிட்ட கோட்டில் நின்றன. கோப்பின் முதல் ஆங்கில எழுத்து பெரியது, பெட்டியில் அடித்தது சிறியது. விண்டோஸ் இதைக் கண்டுகொள்ளாது, லினக்ஸுக்கு இரண்டும் வேறு வேறு. பெரிய எழுத்து, சின்ன எழுத்து இல்லாத தமிழில் பெயர் வைத்தால் இந்தத் தொல்லை இருக்காதே என்று ஒரு நிமிடம் தோன்றியது, ஆனால் 'பொ'வில் ப-வோடு சேரும் கொம்பையும் காலையும் சேர்த்து ஒற்றைக் குறியாகவும் எழுதலாம், கொம்பையும் காலையும் தனித்தனிக் குறிகளாகப் போட்டும் எழுதலாம். பார்க்க ஒன்றாக இருக்கும், கணினிக்கு வேறு பெயர். வேண்டாம் சாமி, எல்லாமே ஆங்கிலச் சிறிய எழுத்து என்று முடித்துக்கொண்டேன்.

நேற்று சாயங்காலம் அம்மா அரை மணி நேரம் அதோடு பாடினார். பிடித்திருந்தது. தொண்டை கட்டியிருக்கிறதாம், அதனால் நாலரை கட்டைக்கு இறக்கித் தரச் சொல்கிறார். கணினி ஒலியை நொடிக்கு 44100 சாம்பிளாக, அதாவது துண்டுகளாக, வெட்டுகிறது. அதை 196ஆல் வகுத்தால் தாமதச் சுற்றின் நீளம் சரியாக 225 சாம்பிள், ஐந்து கட்டை அதிர்ஷ்டத்தில் அமைந்துவிட்டது. நாலரைக்கு 185 ஹெர்ட்ஸ், 238.4 வருகிறது. நான் போட்டிருக்கும் தாமதப் பெட்டிக்கு அந்த .4 தெரியாது, இடைமதிப்பு கணக்கிடும் வேறு பெட்டியை மாற்ற வேண்டும். சனிக்கிழமை உட்கார வேண்டும்.