களிமண்ணோடு மூன்று நாள்

மூன்று நாளாக ஈரப்பத சென்சாரை அளவுதிருத்தம் செய்துகொண்டிருக்கிறேன். மணல் ஒரே காலையில் முடிந்தது. களிமண் விடமாட்டேன் என்கிறது.

இந்தச் சென்சார் தண்ணீரை நேராக அளப்பதில்லை, மண்ணின் மின்காப்பு மாறிலியைத்தான் அளக்கிறது; ஒரு பொருள் மின்புலத்துக்கு எவ்வளவு இணங்குகிறது என்று காட்டும் எண் அது. காற்றுக்கு அந்த எண் 1, காய்ந்த மண்துகளுக்கு 3 முதல் 5 வரை, தண்ணீருக்கோ கிட்டத்தட்ட 80. அதனால் கொஞ்சம் ஈரம் கூடினாலும் எண் எகிறிவிடும். அந்த எண்ணிலிருந்து நீரளவைக் கணிக்க 1980இல் டாப், டேவிஸ், அன்னான் என்ற மூன்று ஆய்வாளர்கள் தந்த சமன்பாடு மணலுக்கு அழகாகப் பொருந்துகிறது. களிமண்ணில் துகளோடு இறுக ஒட்டிய நீர் மின்புலத்துக்கு ஏற்பத் திரும்ப முடியாது; அந்த நீரைச் சென்சார் குறைத்தே காட்டும். மண்ணில் உப்பு இருந்தால் கதை தலைகீழ், அளவு கூடிவிடும்.

நேற்று 100 கன சென்டிமீட்டர் வளையத்தில் எடுத்த மண் 172 கிராம். 105 டிகிரி அடுப்பில் 24 மணி நேரம் வைத்தபின் 138. ஆக, கன அளவில் 34 சதவீதம் நீர். சென்சார் சொன்னதோ 27!

சந்தேகப்பட்டு, மண்ணில் குத்தியிருந்த சென்சாரை மெல்ல உருவிப் பார்த்தேன். அதன் முட்களில் ஒன்று இருந்த இடத்தைச் சுற்றி நகம் நுழையும் அளவுக்கு இடைவெளி. குத்தும்போது கை ஆடியிருக்கிறது. அந்தக் காற்றும் சேர்ந்துதான் எண்ணைக் குறைத்திருக்கிறது. சரி என்று மண்ணை அடுக்கடுக்காக, அதே அடர்த்தி வரும்படி இடித்து நிரப்பி, நேராகக் குத்தினேன். 31 வந்தது. மிச்சம் 3 களிமண்ணின் குணம் என்றே நினைக்கிறேன். அதற்குத்தான் சென்சார் எண்ணை உண்மை ஈரத்தோடு பொருத்தும் தனிக் கோடு வரையவேண்டும், இன்னும் ஐந்து ஈரநிலைகள் பாக்கி.