மிக்ஸியும் பொம்மியும்: ஐந்தாவது வாரம்

பொம்மி வீட்டுக்கு வந்து இன்றோடு ஐந்து வாரம். தெருவிலிருந்து மீட்கப்பட்ட நாய், இரண்டு வயது இருக்கும். முதல் நான்கு நாளும் கட்டிலுக்கு அடியிலேயே கிடந்தாள். நாங்கள் தூங்கிய பிறகுதான் வந்து சாப்பிடுவாள். அங்கேயே ஒரு பழைய போர்வையை விரித்து, இது உன் இடம் என்று விட்டுவிட்டோம்.

எதற்கெல்லாம் பயப்படுகிறாள் என்று நோட்டில் குறித்தேன். துடைப்பம், குடை விரிவது, மின்விசிறியின் நிழல் தரையில் சுழல்வது, குக்கர் விசில். எல்லாவற்றுக்கும் மேல் மிக்ஸி. நமக்கு 20,000 ஹெர்ட்ஸ் வரைதான் கேட்கும், நாய்க்கு ஏறக்குறைய 45,000 வரை. நம் காதுக்கு எட்டாத கீச்சொலியும் அவளை விடாது.

துடைப்பத்தைச் சும்மா தரையில் போட்டு வைத்ததில், மூன்றே நாளில் அவளாகவே வந்து முகர்ந்தாள்.

மிக்ஸியில்தான் தப்பு செய்தேன். வேகவைத்த கோழித் துண்டைக் கொடுத்து, அவள் மெல்லும்போது மிக்ஸியைப் போட்டேன். மூன்றாம் நாள், கோழி டப்பாவின் மூடியைத் திறந்ததற்கே வாலை இடுக்கிக்கொண்டு பின்வாங்கினாள். கோழி வந்தால் அடுத்து அந்தச் சத்தம் வரும் என்று புரிந்துவைத்திருக்கிறாள்! மனசு ரொம்பக் கஷ்டமாகிவிட்டது. டப்பாவை மாற்றினேன். சில நாள் சத்தமே இல்லாமல் கோழி மட்டும். அப்புறம் வரிசையைத் திருப்பினேன்: முதலில் சத்தம், பிறகு கோழி. சத்தம் நின்றால் கோழியும் நிற்கும்.

போனில் பதிவு செய்த சத்தத்தை மிகக் குறைவாக வைத்துத் தொடங்கினேன். காதை மட்டும் அசைத்துவிட்டுச் சாப்பிட்டால் சரி. உதட்டை நக்கினாலோ, கண்ணின் வெள்ளை தெரிந்தாலோ, கோழியையே வேண்டாம் என்றாலோ நான் அவசரப்பட்டுவிட்டேன் என்று அர்த்தம். போனில் மோட்டாரின் உறுமலும் தரையின் அதிர்வும் வராது. அதனால் நிஜ மிக்ஸிக்கு மறுபடி முதலிலிருந்து: இரண்டு கதவுகளை மூடி, ஒரே ஒரு விநாடி.

நான்காவது வாரத்தில் ஒருநாள் காலையில் ஒரு தட்டு கைதவறி விழுந்தது, மதியம் அழைப்புமணி விடாமல் அடித்தது. சாயங்காலம், முந்தின நாள் தாங்கிய சத்தத்தைக்கூடத் தாங்கவில்லை. பயம் ஒன்றன்மேல் ஒன்றாகச் சேர்ந்துகொண்டே போகிறது. அன்றைக்குப் பயிற்சியை விட்டுவிட்டுத் தரையில் உட்கார்ந்தேன். வந்து என் காலில் சாய்ந்துகொண்டாள். பயந்த நாயைத் தடவினால் பயம் வளரும் என்பார்கள். அதை நான் ஏற்கவில்லை. பயம் ஓர் உணர்ச்சி, ஆறுதல் சொன்னால் கூடிவிடாது. அவளாக வந்தால் தாராளமாக அணைத்துக்கொள்கிறேன்.

நேற்று சமையலறைக் கதவு திறந்திருக்க, மிக்ஸி மூன்று விநாடி ஓடியது. கூடத்தில் படுத்திருந்தவளின் ஒரு காது மட்டும் திரும்பியது. அப்புறம் என்னைப் பார்த்தாள், கோழி எங்கே என்று.

குக்கர் விசிலை இன்னும் தொடவில்லை. இந்த வாரமும் மிக்ஸிதான்.