பேரல் முறுக்கு: ரைஃபிள் கட்டும் நாட்குறிப்பு

ஜனவரி 4

நெடுந்தூர ரைஃபிளுக்கு ஆக்‌ஷன், ஸ்டாக், ட்ரிக்கர் எல்லாம் முடிவாகிவிட்டது. தோட்டா 6.5 கிரீட்மோர். பேரல் ஆர்டர் படிவத்தில் ஒரு கட்டம்தான் காலி: ட்விஸ்ட் ரேட். 1:8 என்றால் குண்டு பேரலுக்குள் 8 அங்குலம் நகர்வதற்குள் ஒரு முழுச் சுற்று சுற்றிவிடும். 1:7 அதைவிட இறுக்கமான முறுக்கு, 1:10 தளர்வானது. ட்ரிக்கர் பிடிக்கவில்லை என்றால் கழற்றி மாற்றலாம். குண்டைச் சுழற்றும் சுருள் பள்ளங்களான ரைஃப்ளிங் ஒருமுறை வெட்டியது வெட்டியதுதான்.

கூடச் சுடும் அண்ணன் ஒருவர், “ஆயிரம் கெஜம் தாண்டணும்னா 7 போட்டுடு தம்பி, யோசிக்காதே” என்கிறார். தூரத்துக்கும் முறுக்குக்கும் அப்படி நேரடித் தொடர்பு உண்டா என்று பார்த்துவிட்டுத்தான் எழுதுவேன்.

ஜனவரி 7

எந்தக் குண்டுக்கு எவ்வளவு முறுக்கு என்று கணிக்க, 1879-இல் ஆங்கிலேயக் கணிதவியலாளர் கிரீன்ஹில் தந்த சூத்திரம் எளிமையானது. குண்டின் விட்டத்தின் வர்க்கத்தை 150-ஆல் பெருக்கி, நீளத்தால் வகுத்தால் முறுக்கு அங்குலத்தில் கிடைக்கும். அதில் குண்டின் எடையே கிடையாது. பிறகு வந்த டான் மில்லரின் சூத்திரத்தில் எடை உண்டு. ஆனால் அதே நீளத்தில் எடை கூடினால் நிலைத்தன்மை, அதாவது குண்டு கவிழாமல் மூக்கு முன்னே பறப்பது, ஏறுகிறது, இறங்குவதில்லை. “கனமான குண்டுக்கு இறுக்கமான முறுக்கு” என்று எல்லோரும் சொல்வதற்குக் காரணம், கனமான குண்டு பெரும்பாலும் நீளமாகவும் இருப்பதுதான். முழுச் செம்பில் செய்த குண்டைப் பார்த்தால் இது விளங்கும். ஈயத்தைவிடச் செம்பு அடர்த்தி குறைவு என்பதால், அதே எடைக்கு அது நீண்டுவிடுகிறது. எடை மாறாமலே முறுக்கு கூடுதலாகத் தேவைப்படுகிறது.

ஜனவரி 9

தளர்வாக வெட்டினால் என்ன ஆகும் என்பதற்கு 1955-ஐப் பார்த்தால் போதும். அந்த ஆண்டு .243 வின்செஸ்டர் என்ற தோட்டா 1:10 முறுக்கோடும், .244 ரெமிங்டன் என்ற தோட்டா 1:12 முறுக்கோடும் வந்தன. இரண்டுக்கும் குண்டின் விட்டம் ஒன்றே. வேட்டைக்காரர்கள் கேட்டது 100 கிரெயின் (குண்டின் எடை அலகு) குண்டு. நீண்ட 100 கிரெயின் குண்டுகளை 1:12 நம்பகமாக நிலைநிறுத்தவில்லை. சந்தை .243 பக்கம் சாய்ந்தது. 1963-இல் ரெமிங்டன் அதே தோட்டாவை 1:9 முறுக்கோடு, 6 எம்எம் ரெமிங்டன் என்று பெயர் மாற்றிக் கொண்டுவந்தும் விட்ட இடத்தைப் பிடிக்க முடியவில்லை. நல்ல தோட்டா அது. முறுக்கில் கஞ்சத்தனம் காட்டியதால் பின்தங்கியது.

ஜனவரி 14

இன்று மில்லர் கணக்கு. எனக்கு வேண்டிய குண்டு 140 கிரெயின். காலிப்பரில் வைத்து அளந்தேன்: 1.38 அங்குலம். வேகம் நொடிக்கு 2700 அடி, கடல் மட்டம், 15 டிகிரி செல்சியஸ்.

1:10-க்கு நிலைத்தன்மை எண் 1.06. 1:9-க்கு 1.31. 1:8-க்கு 1.66. 1:7.5-க்கு 1.89.

1-க்குக் கீழே போனால் குண்டு கவிழும். 1.5-ஐத் தாண்டினால் நிம்மதி. இடைப்பட்ட பகுதிதான் ஏமாற்றும். குண்டு கவிழாது, தாளில் ஓட்டையும் வட்டமாகவே விழலாம். ஆனால் மூக்கு அலைவதால் காற்றின் இழுவை கூடி, பேலிஸ்டிக் கோஎஃபிஷன்ட், அதாவது குண்டு காற்றைக் கிழித்துச் செல்லும் திறனின் அளவு, குறைகிறது. நூறு கெஜத்தில் இது கண்ணில் படாது. தொலைவில் குண்டு எதிர்பார்த்ததற்குக் கீழே விழும்.

அடுத்து குளிர். மைனஸ் 10 டிகிரியில் காற்று அடர்த்தியாவதால் 1:8-இன் எண் 1.5-க்கு இறங்குகிறது, 1:9 1.2 ஆகிறது, 1:10 ஒன்றுக்குக் கீழேயே போய்விடுகிறது. எம்16 ரைஃபிளின் முதல் 1:14 முறுக்கை 1:12 ஆக்கியதற்குக் காரணமும் இந்தக் குளிர்காற்றுதான்.

ஜனவரி 18

அண்ணன் சொன்ன தூரக் கணக்குக்கு வருகிறேன். குண்டு வெளியேறியதும் முன்னோக்கிய வேகம் சட்டென்று குறைகிறது. சுழற்சி மெல்லத்தான் குறைகிறது. கவிழ்க்கப் பார்க்கும் காற்றின் விசை வேகத்தோடு சேர்ந்து விழுவதால், பம்பரத்தைப் போல நிமிர்த்திப் பிடிக்கும் அந்த நிலைத்தன்மை போகப் போக ஏறவே செய்கிறது. ஆக, சோதனை பேரலின் வாயிலேயே முடிந்துவிடுகிறது. ஒலி வேகத்தை ஒட்டி வரும் தடுமாற்றம் வேறு வகை. அதில் குண்டின் வடிவத்துக்குப் பெரும் பங்கு. முறுக்கைத் தீர்மானிப்பது தூரம் அல்ல, சுடப்போகும் மிக நீளமான குண்டும் மிகக் குளிர்ந்த நாளும்.

ஜனவரி 21

அப்படியானால் 7 போட்டுவிட்டால் என்ன? 2700 அடி வேகத்தில் 1:8 தருவது நிமிடத்துக்கு 2,43,000 சுற்று. 1:7 தருவது சுமார் 2,78,000. குண்டின் எடைமையம் அச்சிலிருந்து மயிரிழை விலகியிருந்தாலும், சுழற்சி கூடக் கூட வாயை விட்டதும் அது பக்கவாட்டில் எறியப்படும் வேகமும் கூடுகிறது. துப்பாக்கியை மேசையில் தாங்கவைத்துக் குறுந்தூரத்தில் துல்லியத்துக்காகச் சுடும் பெஞ்ச்ரெஸ்ட் ஆட்கள் குட்டைக் குண்டுகளுக்கு 1:13.5, 1:14 என்று தளர்வாக வைப்பது இதனால்தான். மெல்லிய உறை கொண்ட குண்டுகள் அதிகச் சுழற்சியில் வழியிலேயே சிதறுவதும் உண்டு. இன்றைய நல்ல குண்டுகளில் 8-க்கும் 7.5-க்கும் இடையே இந்த இழப்பு சிறிதுதான். செம்புக் குண்டு சுடுபவர் தயங்காமல் 7.5 எடுக்கலாம்.

ஜனவரி 25

படிவம் அனுப்பியாயிற்று: 6.5 மில்லிமீட்டர், 26 அங்குலம், 1:8. பேரல் வந்ததும், தோட்டா உட்காரும் அறையான சேம்பர் வெட்டுவதற்கு முன்பே முறுக்கை அளப்பேன். துப்புரவுக் கம்பியில் இறுக்கமான துணியைச் சுற்றி, கம்பி தானாகச் சுழலும்படி உள்ளே தள்ளி, பேரல் முனையை ஒட்டிக் கம்பியில் ஒரு கோடு. ஒரு முழுச் சுற்று முடிந்ததும் இன்னொரு கோடு. இடையில் 8 அங்குலம் இருக்க வேண்டும். இதற்குள் சேம்பரை வெட்டும் கருவியான ரீமர் முடிவாக வேண்டும். சேம்பருக்கும் ரைஃப்ளிங்குக்கும் இடையே உள்ள த்ரோட் எவ்வளவு விடுவது என்பதும் இதே 1.38 அங்குலக் குண்டை வைத்துத்தான்.